அலைநீங்கு படலம்

ஆநிரை கவர்வதில் தொடங்கி, உலகம் நிலையில்லாதது என்று உணர்வது வரைக்கும் புறப்பொருளைத் துறை துறையாகப் பிரித்துவைத்தவர்கள் நம் இலக்கணிகள். ஒரு தொலைக்காட்சி சேனல் அலைவரிசையைத் துறந்து இணையத்துக்குப் போவதை மட்டும் வகுக்காமல் விட்டுவிட்டார்கள். அவர்கள்மேல் குற்றமில்லை, அக்காலத்தில் ரிமோட் இல்லை. அந்தக் குறையைத் தீர்க்க எழுந்தது இந்நூல். சூத்திரம் யாக்கும் திறம் இந்நூலாசிரியருக்கு வாய்க்காமையால், மூலமே இல்லாமல் உரை மட்டும் உடைய இலக்கணம் என்னும் பெருமையும் இதற்கு உண்டு.

எடுத்துக்காட்டு ஒன்றே ஒன்று: பிரிட்டனின் பிபிசி த்ரீ. ஒரு காட்டை வைத்துக்கொண்டு இலக்கணம் செய்வதா என்று கேட்பார்க்கு விடை இது: பிறந்து, பேரெடுத்து, அலையிலிருந்து இறக்கப்பட்டு, ஆறாண்டு கழித்து அதே அலையில் மறுபடி ஏற்றப்பட்ட சேனல் அது. இத்தனையும் பத்தொன்பது ஆண்டுக்குள் முடிந்தன. இதைவிட முழுமையான காட்டு வேண்டுவோர் காத்திருக்கலாம், வரும்.

முதலில் பாயிரம். 1998 முதல் பிபிசி சாய்ஸ் என்றொரு டிஜிட்டல் சேனல் ஓடிக்கொண்டிருந்தது. அதன் இடத்தில் இளைஞர்க்கென்றே ஒன்றைத் தொடங்க பிபிசி விரும்பியது. தனியார் சேனல்கள் ஏற்கெனவே செய்வதிலிருந்து இது எவ்வகையில் வேறு என்று விளங்கவில்லை என்று சொல்லி, பண்பாட்டு அமைச்சர் டெஸ்ஸா ஜோவெல் 2001-ல் திட்டத்தைத் திருப்பி அனுப்பினார். திருத்தி எழுதியது 2002 செப்டம்பரில் தேறியது. 2003 பிப்ரவரி 9 அன்று த்ரீ பிறந்தது. இலக்கு 16 முதல் 34 வயது வரை. பள்ளிக்கூடம் முடிக்காத பையனையும், இரண்டு பிள்ளை பெற்று வீட்டுக் கடன் கட்டுகிறவனையும் ஒரே இனமாகக் கொள்வது விளம்பரக்காரர் வழக்கு. விளம்பரமே போடாத பிபிசி அந்த வழக்கை ஏன் மேற்கொண்டது என்பது தனி ஆராய்ச்சிக்கு உரியது.

இன்னொரு செய்தியையும் பாயிரத்திலேயே சொல்லிவிட வேண்டும். தரைவழி டிஜிட்டல் ஒளிபரப்பில் இடம் பஞ்சம். ஆதலால் த்ரீக்குத் தனி இடம் கிடையாது. காலை முதல் மாலை 7 மணி வரை அதே இடத்தில் குழந்தைகளுக்கான சிபிபிசி ஓடும். 7 மணிக்குப் பிள்ளைகள் இறங்குவார்கள், இளைஞர்கள் ஏறுவார்கள். விடியுமுன் 4 மணி அளவில் கடை கட்டுவார்கள்.

இனி துறைகள்.

வெட்சியாவது பிறர் ஆநிரையைக் கவர்தல். நம் பொருளில் அது இருவகைப்படும்: கறவை கவர்தல், கொட்டில் கவர்தல் என.

கறவை கவர்தல் சேனல் பிறந்த நாளிலிருந்தே நடந்தது. 'லிட்டில் பிரிட்டன்' 2003-ல் த்ரீயில் தொலைக்காட்சிக்கு வந்தது. மூன்றாம் பருவத்தை பிபிசி ஒன் ஓட்டிக்கொண்டு போயிற்று. 'கேவின் அண்ட் ஸ்டேசி' 2007-ல் த்ரீயில் தொடங்கியது. அதன் மூன்றாம் பருவமும் ஒன்னுக்கே. 'டார்ச்வுட்' இன்னும் ஒழுங்கானது. முதல் பருவம் த்ரீ, இரண்டாம் பருவம் டூ, மூன்றாம் பருவம் ஒன் என்று படிப்படியாகக் கொட்டில் மாறியது. இதில் தவறு ஏதும் இல்லை, சின்ன சேனலின் வேலையே அதுதான் என்பாரும் உண்டு. பெரிய சேனலில் யாரும் துணிந்து போடாத முகத்தைச் சின்னதில் போட்டுப் பார்ப்பது, தேறினால் பெரியதற்கு அனுப்புவது. ஒப்புக்கொள்ளலாம். 'கேவின் அண்ட் ஸ்டேசி'யின் கடைசி எபிசோடை 2024 கிறிஸ்துமஸ் இரவில் பிபிசி ஒன்னில் பார்த்தவர்கள் ஒரு கோடியே இருபது லட்சத்துக்கும் மேல். அந்தக் கன்று எந்தத் தொழுவத்தில் பிறந்தது என்று அன்றிரவு எத்தனை பேர் நினைத்தார்கள் என்பது வேறு விஷயம்.

கொட்டில் கவர்தல் 2014-ல் நடந்தது. அதன் காரணம் அதற்கு நாலாண்டு முந்தியது. பிரிட்டனில் டிவி பார்க்கும் வீடு ஒவ்வொன்றும் லைசென்ஸ் கட்டணம் கட்ட வேண்டும். பிபிசி அதில்தான் வாழ்கிறது. 2010 அக்டோபரில் அரசு அந்தக் கட்டணத்தை ஆண்டுக்கு 145.50 பவுண்டு என்று ஆறு ஆண்டுக்கு உறையவைத்தது. அது போதாதென்று, அதுவரை அரசு பணம் கொடுத்து நடந்த உலக சேவை வானொலியையும், வெல்ஷ் மொழிச் சேனலின் பெரும் செலவையும் பிபிசியின் தலையில் கட்டியது. பணம் ஏறாமல் விலைவாசி ஏறினால் வீட்டில் யாராவது ஒருவர் சாப்பாட்டைக் குறைக்க வேண்டும். அந்த ஒருவர் யார் என்பதை 2014 மார்ச் 6 அன்று தலைமை இயக்குநர் டோனி ஹால் அறிவித்தார். த்ரீ ஒளிபரப்பை விட்டு இணையத்துக்குப் போகும். ஆண்டுக்கு 5 கோடி பவுண்டுக்கு மேல் மிச்சமாகும். அதில் 3 கோடி பிபிசி ஒன்னின் நாடகங்களுக்குச் சேரும். எட்டுக் கோடிக்கு மேல் இருந்த த்ரீயின் ஆண்டுச் செலவு 3 கோடியளவுக்கு இறங்கும். இந்த முடிவைத் தொலைக்காட்சிப் பிரிவின் இயக்குநர் டேனி கோஹனும் பொதுவெளியில் நின்று ஆதரித்தார். அவர் 2007 முதல் 2010 வரை அதே த்ரீயைக் கட்டி வளர்த்த பொறுப்பாளர். வெட்சியாரும் நிரைக்கு உரியவரும் ஒரே ஆளாக இருக்கக்கூடும் என்பதைப் பழைய இலக்கணம் கருதிப் பார்க்கவில்லை.

இதைக் கவர்தல் என்பது பிழை, இடமாற்றம் என்பதே சரி, என்பது நிறுவனத்தின் கட்சி. இடம் மாறுகிறவன் தட்டுமுட்டுச் சாமானையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போவான். இங்கே 5 கோடி பவுண்டுச் சாமான் பழைய வீட்டிலேயே தங்கிவிட்டது. ஒளிபரப்பை நிறுத்தியதால் மட்டும் வந்த மிச்சம் அன்று இது. இடம்தான் பகலில் குழந்தைகளோடு பங்கு போட்டுக்கொண்டதாயிற்றே! மிச்சம் வந்தது நிகழ்ச்சிகளைக் குறைத்ததால். ஆகவே வெட்சி என்பதே துணிபு.

கரந்தையாவது கவர்ந்த நிரையை மீட்கப் பொருதல். ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் இணையத்தில் மனுவில் கையெழுத்திட்டார்கள். சேனலை இணையத்துக்கு அனுப்பாதே என்று இணையத்திலேயே மூன்று லட்சம் பேர் திரண்டதை நிறுவனம் தன் கட்சிக்குச் சான்றாக எடுத்துக்காட்டாமல் விட்டது அதன் பெருந்தன்மை. தொழில்துறையில் 750-க்கும் மேற்பட்டோர் ஒரு கடிதத்தில் ஒப்பமிட்டார்கள். டேனியல் ராட்கிளிஃப் பெயரும் அதில் இருந்தது. மாயக்கோல் பயன்படவில்லை.

உழிஞையும் நொச்சியும் ஒரு பத்தியில் அடங்கும். 2015 ஜனவரியில் ஹாட் டிரிக், அவலான் என்னும் இரண்டு தயாரிப்பு நிறுவனங்களின் தலைவர்கள், சேனலை நாங்களே 10 கோடி பவுண்டுக்கு வாங்கி ஒளிபரப்பிலேயே நடத்துகிறோம் என்று வந்து மதிலை வளைத்தார்கள். விற்பனைக்கு இல்லை என்று பிபிசி மதிலைக் காத்தது. தன்னால் வைத்துக்கொள்ள முடியாததைப் பிறன் வைத்துக்கொள்ளவும் விடாமை நொச்சித் திணையின் புதிய துறை.

கைக்கிளைக்குக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஒருதலைக் காமம் என்பது அதன் பொருள். பொதுத்துறை ஒளிபரப்பாளர் இளைஞர்மேல் கொள்ளும் அன்பைவிடத் தூய கைக்கிளை வேறெங்கும் இல்லை. அன்புக்குக் காரணம் உண்டு. எல்லா வீட்டாரும் கட்டணம் கட்டுகிறார்கள் என்றால் எல்லா வீட்டாருக்கும் ஏதாவது கிடைக்க வேண்டும். இன்று இருபது வயதில் பிபிசி பக்கமே திரும்பாதவர், நாளை நாற்பது வயதில் கட்டணச் சீட்டு வரும்போது எதற்கு என்று கேட்பார். அந்தக் கேள்வியைப் போதுமான பேர் கேட்டால் கட்டணமே போய்விடும். ஆகவே இருக்கிற பார்வையாளரை விட, இல்லாத பார்வையாளர்மேல்தான் ஏக்கம் மிகுதி. இளைஞரோ நெட்ஃபிளிக்ஸிலும் யூடியூபிலும் இருந்தார்கள். இவர்கள் தம்மை இத்தனை ஆண்டாக நினைத்து உருகுவது அவர்களுக்குத் தெரியவே தெரியாது.

கைக்கிளை முற்றினால் பெருந்திணை. அதாவது பொருந்தாக் காமம். 2016 ஜனவரியில் சேனலுக்குப் புது இலச்சினை வந்தது: இரண்டு செங்குத்துக் கோடு, பக்கத்தில் ஓர் ஆச்சரியக்குறி. ரோமன் எழுத்தில் மூன்று என்று எழுதிக் கடைசிக் கோட்டின் அடியில் புள்ளி வைத்ததாகக் கொள்ள வேண்டும். இரண்டு என்று படித்தவர்களும் பதினொன்று என்று படித்தவர்களும் இருந்தார்கள். மூன்று கோட்டுக்கும் மூன்று தத்துவம் விளக்கப்பட்டது: சிந்திக்க வைத்தல், சிரிக்க வைத்தல், குரல் கொடுத்தல். பிபிசி தன் நிர்வாகிகளைத் தானே கேலி செய்து எடுத்த 'டபிள்யூ 1 ஏ' என்ற நகைச்சுவைத் தொடரில் வரும் காட்சி போல இருக்கிறது என்று பலரும் சொன்னார்கள். ஐம்பது வயதுக்காரர் தலையை மழித்துக் காதில் கடுக்கன் போட்டுக்கொண்டு கல்லூரி வாசலில் நிற்பதைப் பற்றி உரையாசிரியர்கள் அதிகம் பேசுவதில்லை, நாமும் நகர்வோம்.

பாடாண், தும்பை, காஞ்சி ஆகியவற்றுக்கும் காட்டுகள் மலிந்து கிடக்கின்றன. சுவை குறைவாதலின் விடப்பட்டன.

பிபிசியை அன்று மேற்பார்த்துவந்த பிபிசி டிரஸ்ட் 2015 நவம்பர் 26 அன்று இந்த மாற்றத்துக்கு இறுதி இசைவு தந்தது. அதோடு கேட்டிருந்த இன்னொன்றை, அதாவது பிபிசி ஒன்னை ஒரு மணி நேரம் தாமதித்து அப்படியே ஓட்டும் இரட்டைச் சேனலை, மறுத்தது. இளைஞர்க்கான நிகழ்ச்சிகள் ஒன்னிலும் டூவிலும் வர வேண்டும் என்று நிபந்தனையும் போட்டது. 2016 பிப்ரவரி 16 அன்று த்ரீ அலையை நீங்கியது. மறுமாதம் 'தி இன்டிபென்டன்ட்' நாளிதழ் காகிதத்தை நீங்கியது. அது நீங்கு பருவம்.

இனி இந்நூலின் உயிர்நிலையாகிய உடன்போக்கு.

உடன்போக்காவது தலைவி வீட்டாரை விட்டுத் தலைவனோடு போதல். நிறுவனம் கண்ட கனவு இது: இளைஞர் முன்னமே இணையத்துக்குப் போய்விட்டார்கள், சேனல் பின்னே போனால் போதும். ஆனால் டோனி ஹால் தம் அறிவிப்பிலேயே ஒரு கணக்கும் சொன்னார். 16 முதல் 24 வயதினர் பார்ப்பதில், பிறகு பார்ப்பதும் பிற திரைகளில் பார்ப்பதும் சேர்ந்து 25 சதவீதம். சில ஆண்டில் அது 40 ஆகும் என்பது எதிர்பார்ப்பு. அதாவது இளையவரிலும் இளையவர், நான்கில் மூன்று பங்கை ஓடும்போதே டிவியில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 40 ஆனாலும் மிச்சம் 60. தலைவி இன்னும் முற்றத்தில் கோலம் போட்டுக்கொண்டிருக்க, தலைவன் மட்டும் சுரம் கடந்த உடன்போக்கு இது.

பிரிவுக் காலத்துப் பார்வையாளரை நால்வகையாகக் கொள்க. முன்சென்றோர், வழிகேட்போர், தங்கினோர், தற்செயலர்.

முன்சென்றோர் இணையத்தில் இருந்தார்கள், ஆனால் பிபிசியின் இணையச் சேவையான ஐபிளேயரில் இல்லை. 2007 கிறிஸ்துமஸ் அன்று தொடங்கியபோது ஐபிளேயர் பிரிட்டனுக்கே வழிகாட்டியது. 2016-லோ பல கடைகளுள் ஒரு கடை. அவர்களைத் தேடித்தான் த்ரீ தன் நிகழ்ச்சிப் பணத்தில் 80 சதவீதத்தை முழுநீளத்துக்கும் 20 சதவீதத்தைக் குறும்படங்களுக்கும் ஒதுக்கி, யூடியூபிலும் ஃபேஸ்புக்கிலும் தெருவோரம் விரித்தது. ஊனமுற்றோர், திக்குவாய் உள்ளோர் போன்றவர்களிடம் சொல்லக் கூடாதவற்றை அவர்களே எடுத்துச் சொல்லும் 'திங்ஸ் நாட் டு சே' போன்றவை நன்றாகவே பரவின. பார்த்தவருக்கு அது யாருடையது என்பது பெரிதாகப் படவில்லை. வழிகேட்போர் சிலர் வந்தார்கள். அவர்களைப் பற்றிச் சொல்ல வேறொன்றுமில்லை.

தற்செயலரே சேனல் என்ற பொருளின் அடித்தளம். அவருக்குச் சேனல் பெயர் தெரியாது. சோபாவில் கிடந்தபடி ரிமோட்டை அமுக்குகிறார். ஃப்ரீவியூ என்னும் தரைவழி டிஜிட்டல் ஒளிபரப்பில் 7-ஆம் எண் த்ரீ. அன்று விட்டுப்போன 'ஈஸ்ட் எண்டர்ஸ்' சீரியல் இரவு 10 மணிக்கு மறுபடி வரும். அதன் பிறகு எங்கோ 'ஃபேமிலி கை' என்ற அமெரிக்கக் கார்ட்டூன். இரண்டும் கூட்டம் சேர்க்கும் சரக்கு, இரண்டும் த்ரீயின் சொந்தச் சரக்கு அல்ல. ஆனால் அந்தக் கூட்டத்தின் அக்கம்பக்கத்தில்தான் சொந்தச் சரக்கை வைத்தார்கள். ஆப்கானிஸ்தானில் இளம் சிப்பாய்கள் தலைக்கவசக் கேமராவில் எடுத்த காட்சிகளால் ஆன 'அவர் வார்'. மலிவுத் துணி வாங்கும் பிரிட்டிஷ் இளைஞர்களை இந்தியாவுக்குக் கூட்டிவந்து தையல் கூடத்தில் உட்காரவைத்த 'பிளட், ஸ்வெட் அண்ட் டி-ஷர்ட்ஸ்'. காதலன் கையில் அடிபட்டுச் செத்த பெண்ணின் கதையான 'மர்டர்ட் பை மை பாய்ஃபிரண்ட்'. தேடிப்போய் இவற்றைப் பார்க்கும் பத்தொன்பது வயதுக்காரர் குறைவு. கார்ட்டூன் முடிந்து எழுந்திருக்கச் சோம்பல்பட்டுப் பார்த்தவர் அதிகம். முன் ஓடியதன் கூட்டத்தில் ஒரு பங்கு பின் வருவதற்குத் தங்கும் என்ற நம்பிக்கையில்தான் உலகெங்கும் நிகழ்ச்சி நிரல் போடுகிறார்கள். சோம்பலைக் கல்வியாக மாற்றும் இந்த வித்தை இணையத்தில் செல்லாது. அங்கே செயலியைத் திறக்க வேண்டும், பெயர் தெரிந்து தேட வேண்டும். தேடாதவருக்கு, நேற்று அவர் பார்த்ததைப் போன்ற இன்னொன்றே நீட்டப்படும். 'ஃபேமிலி கை' தனியார் சேனலான ஐடிவி 2-க்குப் போனது. தற்செயலரும் ரிமோட்டோடு அங்கே போனார்.

தங்கினோர் யார் என்பதை அப்போது யாரும் உரக்கப் பேசவில்லை. பின்னாளில் நிறுவனமே சொன்னது: லண்டனுக்கும் தென்கிழக்குக்கும் வெளியே வாழ்பவர்கள், வருமானம் குறைந்த வீட்டு இளைஞர்கள், டிவியை டிவியாகவே பார்க்கும் பழக்கம் உடையவர்கள். இளைஞர் என்றால் எல்லோரும் நல்ல போனும் வேகமான இணைப்பும் சந்தாவும் உடைய பெருநகரத்தார் என்று நினைக்கிறவர், தம் அலுவலகத்தில் பார்த்த இளைஞர்களை வைத்து நாட்டைக் கணக்கிடுகிறார். இணையத்துக்கு மாறிய பிறகு த்ரீயைப் பார்த்த நேரம் பெரிய அளவில் சரிந்தது என்பதில் ஆராய்ந்தவர்களிடையே கருத்து வேற்றுமை இல்லை.

இடையே ஒரு சட்ட வேடிக்கை. அலையில் பார்க்க லைசென்ஸ் வேண்டும். ஐபிளேயரில் பிறகு பார்ப்பதற்கு அன்று வேண்டாம். ஆகவே சேனலை இணையத்துக்கு அனுப்பிய நிறுவனம், கட்டணம் கட்டாமலே அதைப் பார்க்கும் உரிமையையும் கூடவே அனுப்பிவைத்தது. ஓட்டை 2016 செப்டம்பர் 1 அன்று அடைக்கப்பட்டது.

வாகை. தோற்ற படையின் வெற்றிகளையும் பாட வேண்டும், இல்லையேல் நூல் நடுநிலை தவறும். 'ஃப்ளீபேக்' 2016 ஜூலையில் இணையத் த்ரீயில்தான் முதலில் வந்தது. 2019-ல் எம்மி விழாவில் சிறந்த நகைச்சுவைத் தொடர் விருதையும் நடிப்பு, எழுத்து, இயக்கத்துக்கான விருதுகளையும் வென்றது. 2017-ல் 'திஸ் கன்ட்ரி'. 2020-ல் 'நார்மல் பீப்பிள்' 12 எபிசோடும் ஒரே நாளில். குறைந்த பணத்தில் இவ்வளவு செய்தவர்களைத் தொழத்தான் வேண்டும். ஆயினும் வாகை சூடியது நிகழ்ச்சிகள், சேனல் அன்று. அமெரிக்காவில் 'ஃப்ளீபேக்' அமேசானின் தொடர். பிரிட்டனில் பலர் அதையும் பிறவற்றையும் டூவிலும் ஒன்னிலும் பார்த்தார்கள். கறவை கவர்தல் இணையத்திலும் தொடர்ந்தது என்க.

மீட்சிக்குப் பழைய நூல்களில் துறை இல்லை; துறந்தவர் திரும்புவதை அவர்கள் எதிர்பார்க்கவில்லை. புறனடையில் சேர்க்கிறோம். 2020-ல் த்ரீயின் நிகழ்ச்சிப் பணத்தை இரண்டாண்டில் இரட்டிப்பாக்குவதாக பிபிசி சொன்னது. 2021 மார்ச் 2 அன்று, சேனல் ஒளிபரப்புக்குத் திரும்பும் என்று அறிவித்தது. டிரஸ்ட் கலைக்கப்பட்டு அதன் இடத்துக்கு வந்திருந்த ஒழுங்காற்று அமைப்பான ஆஃப்காம் அவ்வாண்டு நவம்பரில் இசைந்தது. அதற்குத் தனி விசாரணை, தனி அறிக்கை. மூடவும் ஒரு விசாரணை, திறக்கவும் ஒரு விசாரணை. 2022 பிப்ரவரி 1 மாலை 7 மணிக்குப் பிள்ளைகள் இறங்க, இளைஞர்கள் மறுபடி ஏறினார்கள். பணம் போனபோது இணையமே எதிர்காலம். பணம் வந்தபோது அலையும் தேவைதான். இந்நூலின் முடிபு இவ்வளவே: இளைஞர் எங்கே இருக்கிறார்கள் என்ற கேள்விக்கான விடை ஒவ்வொரு முறையும் கணக்குப் பிரிவிலிருந்து வந்தது.

திரும்பியவர்க்குப் பழைய இருக்கை கிடைக்கவில்லை. 7-ஆம் எண் கைவிட்டுப் போய்விட்டது. முதல் 24 எண்களுக்குள் ஓரிடம் தர வேண்டும் என்று ஆஃப்காம் சொல்ல, ஃப்ரீவியூவில் 23 கிடைத்தது. ரிமோட்டில் 23 வரைக்கும் அமுக்கி வருகிறவரைத் தற்செயலர் என்பதா, வழிகேட்போர் என்பதா என்ற ஐயத்தைக் கற்றோர் தீர்க்க வேண்டும்.

இரண்டாம் பாகத்துக்கான காட்டும் அமைந்துவிட்டது. த்ரீ திரும்பி நான்கு மாதம் ஆகுமுன், 2022 மே 26 அன்று, அப்போதைய தலைமை இயக்குநர் டிம் டேவி அடுத்து வரும் ஆண்டுகளில் ஒளிபரப்பை விட்டு இணையத்துக்குப் போகும் சேனல்களை அறிவித்தார். அவற்றுள் ஒன்று பிபிசி ஃபோர். மற்றொன்று, த்ரீயோடு அதே இடத்தைப் பகலில் பங்கு போட்டுக்கொள்ளும் சிபிபிசி.